சின்ன நாய்க்கு என்ன படிப்பு?

1951ஆம் வருஷத்தில் சென்னைப் போலீஸார் துப்புத் துலக்குவதற்கென்று நாய்ப் படை ஒன்றை ஏற்படுத்தினார்கள். இந்திய தேசத்தில் இதுதான் முதலாவது என்று தமிழ்நாட்டுப் போலீஸார் இன்றைக்கும் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். பெருமைப்பட வேண்டிய சமாசாரம்தான். அந்த நாய்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, வாத்தியார் உண்டு, பரீட்சை உண்டு. உட்கார் என்றால் உட்காரும். விடு என்றால் வாயில் இருப்பது எலும்பானாலும் விட்டுவிடும். திருடன் போட்டுவிட்டுப் போன செருப்பை மோந்து பார்த்து அவன் வீட்டுத் திண்ணை வரையில் போய் நின்ற கதைகளைப் பத்திரிகைகளில் நாம் வேண்டிய மட்டும் படித்துவிட்டோம்.

நான் இங்கே எழுத உத்தேசித்திருப்பது அந்தப் பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தே இராத ஒரு வர்க்கத்தைப் பற்றி. முழங்கால் உயரம் இராது. பார்ப்பதற்குப் பஞ்சுப் பொதி. மடியில் உட்காரும், மெத்தையில் படுக்கும், வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்து உயிர் போகிற மாதிரி குரைக்கும். "இதற்குக் கொஞ்சம் பழக்கம் சொல்லிக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இத்தனூண்டு நாய்க்கு என்ன சார் படிப்பு?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது பெரும்பாலும் கப்பலில் வந்த சரித்திரம். ராயபுரத்துக்காரனான எனக்கு அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

நம் நாட்டு ஜாதி நாய்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை - எல்லாம் காலும் உடம்புமாக ஓங்கி வளர்ந்தவை. வேட்டைக்கும் காவலுக்கும் என்று வளர்த்தவை. முயலைத் துரத்தத் தெரியாத சிப்பிப்பாறையையும், பண்ணையைக் காக்கத் தெரியாத ராஜபாளையத்தையும் வைத்துச் சோறு போட நம் பாட்டனார்களுக்கு வசதி இருக்கவில்லை. ஆகவே அந்த நாய்களுக்கு வேலையே வாத்தியாராக இருந்தது. மடி நாய் என்று ஒரு ஜாதி தமிழ் நாட்டில் கிடையாது. அதனாலே மடி நாயை எப்படி நடத்துவது என்று பாட்டி வாய்மொழியாக வந்த ஒரு வழக்கமும் நமக்குக் கிடையாது.

சரி, மேல்நாட்டில் சின்ன நாய்கள் என்ன செய்துகொண்டிருந்தன? நம்மைப்போல் நினைப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அவையும் உழைத்துத்தான் தின்றன. டெரியர் என்ற பெயரே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே கிளப்புவது அதன் தொழில். டாக்ஸ்ஹூண்ட் என்று நாம் வேடிக்கை பார்க்கிறோமே, நீள உடம்பும் குட்டைக் காலுமாக, ஜெர்மன் பாஷையில் அதற்கு வளைக்கரடி நாய் என்று அர்த்தம். அந்தக் குட்டைக் கால் வேடிக்கைக்காக ஏற்பட்டதல்ல, வளைக்காக ஏற்பட்டது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தார்களே டச்சுக்காரர்கள், அவர்களுடைய தேசத்தில் கால்வாய்ப் படகுகளுக்கெல்லாம் காவல் ஸ்பிட்ஸ் ஜாதி நாய்தான். அந்நியன் படகில் கால் வைத்தால் குரைக்க வேண்டும். படகுக்காரன் அதட்டினால் நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியாத நாயை ஒரு படகில் எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? 1823ஆம் வருஷம் லண்டனில் பில்லி என்ற டெரியர் ஐந்தரை நிமிஷத்தில் 100 எலிகளைக் கொன்றதாகப் பதிவு இருக்கிறது. சூதாட்டக்காரர்கள் நடத்திய குரூரமான பந்தயம் அது. இருந்தாலும் அந்த நாயைப் பார்த்து, "இத்தனூண்டுக்கு என்ன தெரியும்" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு வேலை போயிற்று. அரண்மனை வந்தது.

1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகரத்துக் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது சின்னஞ்சிறு நாய்கள் சில அகப்பட்டன. அவற்றில் ஒன்றை விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'லூட்டி'. கொள்ளைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'லூட்' என்ற சொல்லே நம் தேசத்துப் பாஷையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதுதான். சொல்லையும் விட்டு வைக்கவில்லை! அதே மகாராணி 1888இல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்குப் போன இடத்தில் பாமரேனியன் நாய்களைக் கண்டு மயங்கி, மார்க்கோ என்ற சிறிய நாயை வாங்கி வந்தார். ராணி வளர்த்தால் பிரபுக்கள் வளர்க்க வேண்டும். பிரபுக்கள் வளர்த்தால் கடைக்காரன் மனைவியும் வளர்க்க வேண்டும். ஆடு மாடு காத்து, வண்டி காத்துப் பிழைத்த ஒரு நாய் ஜாதி, சில தலைமுறைக்குள் உருவத்தில் சுருங்கி மெத்தைக்கு ஏறியது. 1901 ஜனவரியில் மகாராணி உயிர் விட்டபோது டூரி என்ற அவருடைய பாமரேனியன் படுக்கையிலேயே இருந்தது என்பார்கள்.

இந்த நாய்தான் நம் ஊருக்கு வந்தது. துரைமார் பங்களாக்களுக்கு முதலில். அப்புறம் ரயில்வேக் குடும்பங்களுக்கு. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் ஏற்பட்டது, தென்னாட்டிலேயே முதலாவது. அதைச் சுற்றி வளர்ந்த தெருக்களில் ஆங்கிலோ-இந்தியர்கள் வீட்டு வராந்தாவில் வெள்ளை நாய் ஒன்று கூடை நாற்காலிக்கு அடியில் படுத்திருப்பதை என் சிறு பிராயத்தில் பார்த்திருக்கிறேன். இங்கேயே பெருகி, இந்த வெயிலுக்குப் பழகிப் போன அந்த நாயை இந்தியன் ஸ்பிட்ஸ் என்று விஷயம் தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுகிறார்கள். ஜனங்களுக்கு வெள்ளையாக, புசுபுசுவென்று இருந்தால் பாமரேனியன்தான். கப்பலில் நாய் வந்து சேர்ந்ததே தவிர, அதன் வேலை கூட வரவில்லை. வேலையோடு வந்திருக்க வேண்டிய பழக்கமும் வரவில்லை. மிச்சமிருந்தது குரைப்பு ஒன்றுதான்.

எங்கள் தெருவில் 1970க்குப் பிந்திய வருஷங்களில் இப்படி ஒரு வெள்ளை நாய் இருந்தது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டு நாய். பெயர் டைகர். எதிர்ச் சாரியில் மரக் கிடங்கு வைத்திருந்தவரிடம் இடுப்பு உயரத்துக்கு ஒரு ராஜபாளையம் இருந்தது. அதன் பெயர் மணி. நம் ஊரில் பெரிய நாய்க்கு மணி என்றும் சின்ன நாய்க்கு டைகர் என்றும் பெயர் வைப்பது ஏன் என்பது ஒரு தனி ஆராய்ச்சி.

மணியைப் பார்த்து ஊரே பயந்தது. அதனால் கிடங்குக்காரர் அதைக் குட்டியிலிருந்தே கண்டிப்பாக வளர்த்தார். வண்டி வந்தால் எழுந்து ஓரமாகப் போகும். கூலிக்காரர்கள் சாப்பிடும்போது அந்தப் பக்கமே திரும்பாது. டைகருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அது குரைத்தால், "பாருங்கள், என்ன ரோஷம்!" என்று வீட்டார் சிரிப்பார்கள். மடியில் உட்கார்ந்து வந்தவரைப் பார்த்து உறுமினால் இன்னும் கொஞ்சம் இறுக அணைத்துக்கொள்வார்கள். உறுமினால் அணைப்பு கிடைக்கும் என்பதை எந்த நாயும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும். வேறு விதமாகச் சொன்னால், டைகருக்கும் படிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. பாடம்தான் தலைகீழ்.

"கார்டு சார், நாயைப் புடிச்சுக்குங்க சார்" என்று தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுவார்.

"அது ஒண்ணும் பண்ணாதுப்பா. விளையாடுது. நீ வா" என்பார் கார்டு.

ஒரு நாள் அது தபால்காரரின் கெண்டைக்காலில் பல்லை வைத்துவிட்டது. கடுகளவு ரத்தம். கார்டு வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு சுண்ணாம்பு எடுத்து வந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி டாக்டர் தபால்காரருக்கு வயிற்றில் 14 ஊசி என்று எழுதிவிட்டார். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும், அது சௌக்கியமாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆனால் கார்டு வீட்டில் மாட்டுப்பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரியோடு ராத்திரியாக டைகரைச் சாக்கில் போட்டு, கத்திவாக்கம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பார்த்துச் சொல்வதற்கு நாய் இல்லை. தபால்காரர் 14 ஊசியையும் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஆஸ்பத்திரியிலே கியூவுலே நின்னுக்கினு, டைகர் கடிச்சிடிச்சின்னேன் சார், எல்லாரும் பயந்துட்டாங்க" என்று பின்னால் அவர் என்னிடம் சொன்னார். "எத்தினியூண்டுன்னு கையாலே காட்டினேன். சிரிச்சாங்க. ஊசி போடறவரு மட்டும் சிரிக்கலே."

அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. பல் எத்தனை நீளம் என்று அது கேட்பதில்லை. நோய் முற்றித் தண்ணீரைக் கண்டு தொண்டை இழுத்துக்கொண்டபின் மனிதன் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பாஸ்டர் 1885 ஜூலையில் ஜோசப் மீஸ்டர் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுக் காப்பாற்றினார். அது பாரிஸில். இந்தியாவில் 1900இல் சிம்லா மலைப் பக்கத்தில் கசௌலியில்தான் முதல் பாஸ்டர் நிலையம் வந்தது. சென்னையில் நாய் கடித்தவன் 1,300 மைலுக்கு மேல் ரயிலேறிப் போக வேண்டும். பணமும் லீவும் உள்ளவன் போனான். 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி, தென்னாட்டில் சிகிச்சைக்கு இடமில்லாமல் இந்நோயில் மாண்டுபோனார். அந்தச் சாவுதான் சர்க்காரை உசுப்பியது. நம் ஏழை ஜனங்கள் எத்தனை பேர் அதற்கு முன்னால் அப்படியே செத்தார்கள் என்று யாரும் உசும்பவில்லை என்பது வேறு விஷயம். கார்னெகியின் கூட்டாளியாக இரும்பு வியாபாரத்தில் கோடி கோடியாய்ச் சம்பாதித்த ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் இந்தியாவுக்குக் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். 1911இல் கசௌலியிலிருந்த டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து ஒரு மருந்து தயாரித்தார். அது வந்த பிறகு நோயாளி மலை ஏற வேண்டாம், மருந்தே ஊர் ஊராய் இறங்கி வந்தது. தபால்காரர் வயிற்றில் ஏறியது அதுதான். வலி ஒரு பக்கம். அபூர்வமாகச் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. அப்படியும் 2004, 2005 வாக்கில்தான் நம் தேசம் அதைக் கைவிட்டது. இப்போது கையில் நாலைந்து ஊசியோடு போகிறது. உடனே போட்டுக்கொண்டால் பயமில்லை. சின்ன நாய்தானே என்று வீட்டிலே இருந்துவிட்டால்தான் ஆபத்து.

சாக்கில் போன டைகர் என்னவாகியிருக்கும் என்று எனக்கு யோசனை வருவதுண்டு. மெத்தையில் வளர்ந்த நாய்க்குத் தெருவின் இலக்கணம் தெரியாது. கார்ப்பரேஷன்காரர் வலையில் விழுந்திருந்தால் அந்தக் காலத்தில் வேறு போக்கிடமும் கிடையாது. சென்னையில் பிடித்த தெரு நாய்களை அப்போது கொன்றுதான் வந்தார்கள். கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் சங்கத்தார் 1964லிருந்து, கொல்லாதீர்கள், கருத்தடை செய்து விடுங்கள் என்று கரடியாய்க் கத்தினார்கள். கார்ப்பரேஷன் காதில் அது ஏறியது 1996இல். 32 வருஷம்! பேசின் பிரிட்ஜ் பக்கம் இன்று நாய்களுக்குக் கருத்தடை செய்யும் இடமே இருக்கிறது.

சர்க்காரின் கண்ணும் ஜனங்களின் கண்ணும் பெரிய நாய்மேல் விழுவதில் தப்பில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. அந்த வாய்க்கு மூடி போட வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? அதே வருஷம் மார்ச்சில் மத்திய சர்க்கார் 23 வகை நாய்களைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, மறு மாதமே கர்நாடக ஹைகோர்ட்டு அதை ரத்துச் செய்ததும் நினைவிருக்கும். அந்த ஜாபிதாவில் இருந்தவர்கள் அநேகமாகக் கனத்த சரீரக்காரர்கள். ஜாபிதா போடுகிறவர்கள் உடம்பைப் பார்த்தார்கள். குணத்தைப் பார்க்க வழியில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, 2023 நவம்பரில், எங்கள் ராயபுரத்தில் ஜி.ஏ. ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு தெரு நாய் ஒரே நாளில் இருபத்தைந்து பேருக்கு மேல் கடித்து, பின்னால் சோதனையில் அதற்கு வெறிநோய் என்று தெரிந்தது. சிங்கம் மாதிரி நாயாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சின்ன நாய்கள்தான் அதிகம் கடிக்கின்றன என்று ஒரு கட்சி உண்டு. 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் நாய் வளர்ப்பவர்களையே ஆயிரக்கணக்கில் விசாரித்து வெளியிட்டதில், மனிதரிடம் சீறுவதில் டாக்ஸ்ஹூண்டும் சிஹுவாஹுவாவும் ஜாக் ரஸ்ஸல் டெரியரும் முன்னே நின்றன. இதை வைத்துக்கொண்டு ஜாதியைத் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதைவிட, வியன்னாவில் 1,276 பேரிடம் விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சிதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சின்ன நாய்கள் சொன்ன பேச்சைக் குறைவாகக் கேட்கின்றன, அதிகம் சீறுகின்றன என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. சின்ன நாய் வளர்ப்பவர்கள் நேற்று ஒரு மாதிரி இன்று ஒரு மாதிரி நடந்துகொள்கிறார்கள், நாயோடு சேர்ந்து பழக்கத்துக்கும் விளையாட்டுக்கும் செலவிடும் பொழுதும் குறைவு என்றும் கண்டார்கள். எங்கள் கார்டு சாரை அவர்கள் வியன்னாவிலிருந்தே பார்த்துவிட்ட மாதிரி இருக்கிறது.

சின்ன நாய் பயந்த நாய் என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் கண் மட்டத்தில் நின்று பாருங்கள்: மனிதன் என்பவன் இரண்டு தூண்கள். குழந்தை ஓடி வந்து தூக்கினால் பூமியே காலடியிலிருந்து போகிற மாதிரி. அது கடிப்பது பெரும்பாலும் வீரத்தால் அல்ல. நாய்க் குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையில் உலகம் பழகிக்கொள்ளும் பருவம் என்று ஸ்காட், புல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகம் எழுதினார்கள். பெரிய ஜாதிக் குட்டியை அந்தப் பருவம் முடிவதற்குள் தரையில் இறக்கி நாலு பேரிடம் பழக விடுகிறோம். சின்னக் குட்டியைத் தரையிலேயே விடுவதில்லை. பிறகு ஆறு மாதம் கழித்து, தெருவைக் கண்டால் ஏன் இப்படிக் குரைக்கிறது என்று கேட்கிறோம். கழுத்தில் சங்கிலியைப் போட்டு வெடுக்கென்று இழுப்பது வேறு. அந்தக் கழுத்துக்குள் மூச்சுக் குழாய் மெல்லியது. மார்போடு சேர்த்துக் கட்டும் வாரே அதற்கு உகந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற ஊரில், 'வா' என்றால் திரும்பி வரத் தெரியாத சின்ன நாயின் ஆயுள் எத்தனை நாள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. லாரிக்காரர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

சின்ன நாயால் ஆகாது என்பவர்களுக்கு ஸ்மோக்கியின் கதையைச் சொல்ல வேண்டும். 1944இல் நியூகினியா காட்டில் ஒரு பதுங்கு குழியில் அகப்பட்ட யார்க்ஷயர் டெரியர். எடை 4 பவுண்டு, உயரம் 7 அங்குலம். அமெரிக்கப் போர் வீரர் பில் வின் இரண்டு ஆஸ்திரேலியப் பவுன் கொடுத்து அதை வாங்கினார். யுத்தத்துக்கு நடுவே அதற்கு உட்கார, நிற்க, கூப்பிட்டால் வர எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கூட இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். 1945 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டில் லிங்காயென் விமானத் தளத்தில், ஓடுபாதைக்கு அடியில் 8 அங்குலக் குழாய் வழியாக 70 அடி தூரத்துக்குத் தந்திக் கம்பி செலுத்த வேண்டியிருந்தது. தோண்டினால் மூன்று நாள் வேலை. அத்தனை நாளும் விமானங்கள் எதிரியின் குண்டுக்குத் திறந்து கிடக்கும். ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டு வின் மறு முனைக்குப் போய்க் குனிந்து கூப்பிட்டார். உள்ளே இணைப்புக்கு இணைப்பு மண் சரிந்து பாதி அடைத்துக்கொண்டிருந்தது. நாய் கொஞ்ச தூரம் வந்து தயங்கிற்று. மறுபடி கூப்பிட்டார். சில நிமிஷத்தில் இந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. அந்தக் குழாயில் அல்சேஷன் மூக்கைத்தான் நுழைத்திருக்க முடியும்.

அத்தனை தூரம் போக வேண்டாம் என்றால் காசிமேட்டுக்கு வாருங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே சாலையோரத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி பலகைக்கு அடியில் ஒரு நாயைக் கண்டேன். ஸ்பிட்ஸும் தெருவும் கலந்தது, அழுக்கு வெள்ளை. யாரோ விட்டுவிட்டுப் போனதாம். தலைக்கு மேலே சங்கராவும் வஞ்சிரமும் குவிந்து கிடக்கிறது. செவிள் ஒன்று நழுவி அதன் மூக்குக்கு முன்னாலேயே விழுந்தது. நாய் அதைப் பார்த்தது, பிறகு அம்மாளைப் பார்த்தது.

"இதுக்கு யார்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"இன்னா சார், வேற யாரு, நான்தான். மீனு மேல வாய வெச்சா யாவாரம் ஓடுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் கத்தியைத் துடைத்துவிட்டு, "தின்னு" என்றாள். செவிள் மறைந்தது. அதற்குள் ஒரு வாடிக்கைக்காரி வந்து வஞ்சிரத்தின் கண்ணைத் திறந்து பார்த்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டாள். நாய் குரைக்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து அவள் கூடைக்கு இடம் விட்டுப் படுத்துக்கொண்டது.